வெயில் சுட்ட கோதுமையின் புரதங்களை அளப்பது: புரோட்டியோமிக்ஸ் ஆய்வுக்கு ஒரு வழிகாட்டி

2022 மார்ச், இந்திய வானிலைத் துறையின் 1901 முதலான பதிவுகளிலேயே நாட்டின் சராசரிப் பகல் வெப்பம் மிக உயர்ந்த மார்ச்சாக அமைந்தது. பஞ்சாபிலும் அரியானாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் கோதுமைக் கதிர் பால்பிடித்து முற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மணிகள் நிரம்புவதற்கு முன்பே காய்ந்து சூம்பின, விளைச்சல் குறைந்தது, மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதைத் தராசு சொல்லிவிடும். அந்த மணிகளை அரைத்த மாவு பிசையும்போதும் சுடும்போதும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தராசு சொல்லாது. வெப்பத்தால் புரதம் சேர்வதைவிட மாவுச்சத்து சேர்வதே அதிகம் பாதிக்கப்படுவதால், சூம்பிய மணியில் புரதத்தின் சதவீதம் பெரும்பாலும் கூடித்தான் தெரியும். ஆனாலும் பிசைந்த மாவில் பிடிமானம் குறைந்திருக்கலாம். எவ்வளவு புரதம் என்பதோடு நிற்காமல், எந்தெந்தப் புரதம், எந்த விகிதத்தில் என்று கேட்டால்தான் இந்த முரண் விளங்கும். ஒரு திசுவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உள்ள புரதங்களை ஒருசேர அடையாளம் கண்டு அளக்கும் புரோட்டியோமிக்ஸ் இதற்காகத்தான் தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டி, முதுநிலைப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ கோதுமையில் இத்தகைய ஆய்வைத் தொடங்குபவர்களுக்கானது. மணி நிரம்பும் பருவத்தில் தாக்கும் வெப்பம் சப்பாத்திக் கோதுமையின் தரத்தை என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, வயலிலிருந்து முடிவுவரை செல்வோம். மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பற்றி இதில் குறைவாகவே பேசப்படும். நன்கு நடத்தப்படும் எந்தக் கருவி மையமும் அந்த வேலையைச் சரியாகச் செய்து கொடுத்துவிடும். கோதுமை ஆய்வுகள் பெரும்பாலும் கெடுவது இரண்டே இடங்களில்: மாதிரி குழாய்க்குள் போவதற்கு முன்பும், தரவு கருவியிலிருந்து வெளியே வந்த பின்பும்.

மணிக்குள் இருக்கும் புரதங்கள்

அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ஆஸ்போர்ன் 1907இல் கோதுமைப் புரதங்களை அவை கரையும் கரைசலைக் கொண்டு வகைப்படுத்தினார். நீரில் கரைபவை அல்புமின்கள், உப்புக் கரைசலில் கரைபவை குளோபுலின்கள், 70 சதவீத ஆல்கஹாலில் கரைபவை கிளையாடின்கள், நீர்த்த அமிலத்திலோ காரத்திலோ மட்டும் கரைபவை குளூட்டெனின்கள். நூறாண்டு கடந்தும் இந்த வகைப்பாடு ஆய்வகத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது செயல்பாட்டோடும் ஓரளவு பொருந்திப்போவதுதான். முதலிரண்டு வகைகளில் பெரும்பாலானவை நொதிகளும் பாதுகாப்புப் புரதங்களும்; மன அழுத்தம் மனிதனுக்கு எப்படியோ அப்படித் தாவரத்துக்கு வெப்பமும் வறட்சியும் தரும் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்பவை இவையே. பின்னிரண்டும் சேர்ந்ததுதான் குளூட்டன். மணியின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் இதுவே. கிளையாடின் மாவுக்கு நெகிழ்வையும், நீண்ட சங்கிலிகளாக ஒன்றோடொன்று பிணையும் குளூட்டெனின் மீள்விசையையும் தருகின்றன.

குளூட்டெனினில் அதிக மூலக்கூறு எடை கொண்ட துணையலகுகள் எண்ணிக்கையில் சில மட்டுமே என்றாலும் தரத்தைத் தீர்மானிப்பதில் அவற்றின் பங்கு பெரிது. 1ஏ, 1பி, 1டி குரோமோசோம்களின் நீண்ட கரங்களில் இருக்கும் குளூ-ஏ1, குளூ-பி1, குளூ-டி1 ஆகிய மரபணு இடங்கள் இவற்றைத் தருகின்றன. கேம்பிரிட்ஜில் பீட்டர் பெய்னும் அவருடைய குழுவினரும் இவற்றுக்கு எண்ணிட்டு, ரொட்டித் தரத்துக்கு ஏற்ற மதிப்பெண்ணையும் வகுத்தார்கள். அதன்படி குளூ-டி1இல் 5+10 இணைக்கு 4 மதிப்பெண், 2+12 இணைக்கு 2 மதிப்பெண். 5ஆம் துணையலகில் ஒரு செரின் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்டீன் அமைந்திருக்கிறது. கந்தகப் பிணைப்புக்கு இவ்வாறு கூடுதலாக ஒரு இடம் கிடைப்பது அதன் வலிமைக்கான விளக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்த மதிப்பெண் முறை உப்பி எழும் ரொட்டிக்காக உருவானது. மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டு, ஆறிய பின்னும் மென்மையாக இருக்கவேண்டிய சப்பாத்திக்கு மிக வலிய குளூட்டன் ஒரு குறையாகவே முடியலாம். ஆகவே ரொட்டிக்கான அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு இந்திய இரகங்களைத் தரம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கேள்வியை வயலுக்கு ஏற்ப வடிவமைத்தல்

முதலில் இரகங்களைத் தேர்ந்தெடுங்கள். 1960களின் நடுவில் வெளியான சி 306 இன்றும் சப்பாத்தித் தரத்துக்கான ஒப்பீட்டு இரகமாகப் பயன்படுகிறது. வறட்சியையும் தாங்குவதால் இருவகைக் கேள்விக்கும் அது உதவும். அதனுடன், அண்மைக்காலத்தில் பரவலாகப் பயிரிடப்படும் ஓர் இரகத்தையும், வெப்பத்தால் எளிதில் பாதிக்கப்படுவது முன்பே உறுதியான ஓர் இரகத்தையும் சேர்த்தால் மூன்று போதும். பத்து இரகங்களை ஒவ்வொரு மாதிரியாக ஆராய்வதைவிட, மூன்று இரகங்களை ஐந்து ஐந்து உயிரியல் மறுநிகழ்வுகளோடு ஆராய்வது நல்லது. ஒரே மாவுச் சாற்றைக் கருவியில் மூன்று முறை செலுத்துவது மறுநிகழ்வு ஆகாது. அது கருவியின் சீர்மையை மட்டுமே அளக்கும். தனித்தனித் தொட்டிகளில் அல்லது தனித்தனிப் பாத்திகளில் வளர்ந்த செடிகளிலிருந்து தனித்தனியாகப் பிரித்தெடுத்தவையே மறுநிகழ்வுகள்.

வெப்பத்தை எப்படிக் கொடுப்பது? வட இந்திய நிலையங்களில் நவம்பர் விதைப்பையும் டிசம்பர் இறுதி விதைப்பையும் ஒப்பிடுவது வழக்கம். இது வயல் நிலையை ஒத்திருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் தாமதமாக விதைத்த பயிர் வெப்பத்தை மட்டும் எதிர்கொள்வதில்லை. பகல் நீளம், மண் ஈரம், தழைப் பருவத்தின் அளவு எல்லாமே மாறிவிடுகின்றன. வெப்பத்தின் விளைவை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால் கட்டுப்படுத்தப்பட்ட அறைதான் வழி. பட் 86 என்ற அமெரிக்க இரகத்தில் கலிபோர்னியாவின் ஆல்பனியில் நடந்த தொடர் ஆய்வுகளில் பகல் 24, இரவு 17 டிகிரி செல்சியஸ் சாதாரண நிலையாகவும், பகல் 37, இரவு 28 டிகிரி வெப்ப நிலையாகவும் வைக்கப்பட்டன. இரண்டையும் செய்ய வசதி இருந்தால் அறையில் காரணத்தைத் தேடி, அது வயலிலும் தென்படுகிறதா என்று சரிபாருங்கள்.

தழைச்சத்தும் கந்தகமும் எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவில், ஒரே நாளில் கிடைத்தாக வேண்டும். தழைச்சத்து கூடினாலும் கந்தகம் குறைந்தாலும் கந்தகம் குறைந்த ஒமேகா கிளையாடின்களின் பங்கு உயரும். வெப்பமும் இதே திசையில் தள்ளக்கூடியது. உர வரலாறு பதிவாகாத மாதிரியில் இவற்றில் எது நடந்தது என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. விதை வந்த இடமும் அப்படித்தான். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில், சமவெளியில் கோதுமை விளையாத கோடைப் பருவத்திலும் தலைமுறை முன்னேற்றத்துக்காகக் கோதுமை பயிராகிறது. அங்கிருந்து வந்த மணியையும் அரியானாவின் கர்னாலில் விளைந்த மணியையும் நேரடியாக ஒப்பிட்டால், இரகத்தின் வேறுபாடு எது, மலைக் குளிரின் வேறுபாடு எது என்று தெரியாது. எல்லா விதையையும் ஒரு பருவம் ஒரே வயலில் பெருக்கிய பிறகே ஆய்வைத் தொடங்க வேண்டும்.

நாளை எண்ணுவதா, பருவத்தை எண்ணுவதா

வெப்ப ஆய்வுகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான் என்று கருதுகிறேன். பூத்த 20ஆம் நாளில் இரண்டு தொகுதிகளிலிருந்தும் மணியை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்ந்த அறையில் வளர்ந்த மணி அப்போதும் பால் பருவத்தில் இருக்கும். வெப்பத்தில் வளர்ந்த மணி மாவுப் பருவத்தைத் தாண்டியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான புரதங்கள் 'மாறியதாக'த் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை வெப்பத்துக்கு எதிரான எதிர்வினைகள் அல்ல. இளம் மணிக்கும் முதிர்ந்த மணிக்கும் எப்போதும் உள்ள வேறுபாடுகளே. சேமிப்புப் புரதம் கூடியதும், உயிரணுப் பிரிவுக்கான புரதங்கள் குறைந்ததும் வெப்பத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

இதைத் தவிர்க்க, நாளோடு சேர்த்து வெப்ப நேரத்தையும் கணக்கிடுங்கள். அதாவது ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையைப் பூத்த நாள் முதல் கூட்டிக்கொண்டே வாருங்கள். அதோடு ஒவ்வொரு முறையும் சில மணிகளின் ஈர எடையையும் உலர் எடையையும் எடுத்து நீர்ச் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணியின் நீர்ச் சதவீதம் பருவத்தைக் காட்டும் எளிய அளவு. இரு தொகுதிகளிலும் அது நெருங்கியிருக்கும் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே முறை. முற்றிய மணியில் மாவின் தரத்தை மட்டும் ஆராய்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர் அறுவடை வரை காத்திருந்தால் போதும்.

மாதிரி எடுக்கும் ஒழுங்கு எளியதுதான், ஆனால் அதில் தளர்வு கூடாது. முதன்மைத் தண்டின் கதிரில் நடுப்பகுதியில் மகரந்தப் பைகள் வெளியே தெரியும் நாளில், அந்தத் தேதியை எழுதிய சீட்டைக் கதிரில் கட்டுங்கள். கிளைத் தூர்களின் கதிர்களைச் சேர்க்காதீர்கள். கதிரின் நடுவிலுள்ள சிறுகதிர்களில், அடியிலிருந்து முதல் இரண்டு பூக்களின் மணிகளை மட்டும் எடுங்கள். நுனியிலும் அடியிலும் உள்ளவை பிந்திப் பூத்தவை. இலையை எடுப்பதானால் எல்லா நாளும் பகலின் ஒரே வேளையில், கதிருக்கு அடுத்துக் கீழுள்ள கடைசி இலையான கொடியிலையை எடுங்கள், ஏனெனில் பல புரதங்களின் அளவு பகலோடு ஏறி இறங்கும். பறித்தவுடன் திரவ நைட்ரஜனில் போட்டு, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். வயலுக்குத் திரவ நைட்ரஜன் கொண்டுபோக முடியாவிட்டால் உலர் பனிக்கட்டி உதவும். சாதாரணப் பனிக்கட்டிப் பெட்டி உதவாது.

பிரித்தெடுத்தல்

ஒரே கரைசலில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்ற ஆசை இயல்பு. மணியில் அது பலிக்காது. குளூட்டன் அளவில் மிக அதிகம் என்பதால், அதன் பெப்டைடுகள் (அளப்பதற்காக நொதியால் வெட்டிய புரதத் துண்டுகள்) கருவியின் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளும். வெப்ப அதிர்ச்சிப் புரதம் போன்ற அரிய புரதங்கள் அதன் அடியில் புதைந்துவிடும். ஆகவே மாவை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

வெள்ளை மாவு வேண்டுமா, முழு மணி வேண்டுமா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தவிடும் முளையும் கலந்தால் அல்புமின், குளோபுலின் பகுதி அடியோடு மாறிவிடும். பனியில் வைத்துக் குளிர்வித்த உப்புக் கரைசலில் (50 மில்லிமோலார் டிரிஸ், 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., பி.எச். 7.8) மாவைக் கலக்கி, சில நிமிடங்கள் கழித்து 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். மேலே நிற்கும் தெளிநீரில் நொதிகளும் பாதுகாப்புப் புரதங்களும் இருக்கும். சிறிது கிளையாடினும் தப்பி வந்திருக்கும். அம்மோனியம் அசிடேட் கலந்த குளிர்ந்த மெத்தனாலை நான்கைந்து மடங்கு சேர்த்து மைனஸ் 20 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தால், தேவையான புரதங்கள் வீழ்படிவாகும். கிளையாடின் மெத்தனாலில் கரைந்தே நிற்கும். ஒரே படியில் சுத்தமும் செறிவும் கிடைப்பதால் இந்த முறையை நான் பரிந்துரைக்கிறேன்.

அடியில் தங்கிய பகுதியை மீண்டும் ஒருமுறை உப்புக் கரைசலால் கழுவி, 60 அல்லது 70 சதவீத எத்தனாலால் கிளையாடினைச் சாதாரண அறை வெப்பத்தில் எடுங்கள். மிச்சமிருக்கும் குளூட்டெனின் சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் கட்டுண்டவை. 50 சதவீத புரோப்பனாலில் 1 சதவீத டைதயோதிரிட்டால் சேர்த்து 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால்தான் அவை அவிழும். யூரியா சேர்த்த கரைசல் எதையும் இந்த அளவு சூடாக்கக் கூடாது. சூட்டில் யூரியாவிலிருந்து சயனேட் உண்டாகி, புரதங்களின் அமினோ முனைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் நிறையை மாற்றிவிடும். செறிந்த யூரியா இருந்தால் 30 டிகிரிக்கு மேல் போகாதிருப்பது பாதுகாப்பு.

இலையில் சிக்கல் வேறு. ரூபிஸ்கோ என்ற ஒரே நொதி, கரையும் புரதத்தில் பாதிவரை இருக்கும். பீனால் சேர்மங்களும் மாவுச்சத்தும் சேர்ந்து கெடுக்கும். டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் கலந்த குளிர்ந்த அசிட்டோனில் வீழ்படிவாக்கும் முறை 1986இல் கோதுமை நாற்றுகளை வைத்தே செம்மைப்படுத்தப்பட்டது. அதற்குப் பின் பீனால் பிரிப்பையும் சேர்த்தால் விளைவு இன்னும் தூய்மையாக இருக்கும்.

புரத அளவைக் கணக்கிடும்போது பிராட்ஃபோர்டு முறையை குளூட்டனுக்கு நம்ப வேண்டாம். அதன் சாயம் முக்கியமாக ஆர்ஜினின் போன்ற கார அமினோ அமிலங்களோடு சேர்வது. கிளையாடினில் அவை மிகக் குறைவு என்பதால் உண்மை அளவைவிடக் குறைத்தே காட்டும். மாவின் மொத்த நைட்ரஜனை அளந்து 5.7ஆல் பெருக்கும் வழக்கமான கணக்கை அடிப்படையாக வைத்துக்கொண்டு, முடிவுகளை ஒரு மில்லிகிராம் மாவுக்கு எவ்வளவு, ஒரு மணிக்கு எவ்வளவு என்று இரு வகையிலும் எழுதுங்கள். சூம்பிய மணியில் ஒரு புரதத்தின் சதவீதம் உயர்ந்து, மணிக்கான அளவு குறைந்திருந்தால், அந்தப் புரதம் 'கூடவில்லை'; மாவுச்சத்துதான் குறைந்தது.

ஜெல்லை ஒதுக்கிவிட வேண்டாம்

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும்போது, புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு நாள் வேலையில், மிகக் குறைந்த செலவில், கையில் இருக்கும் விதை உண்மையில் நீங்கள் நினைக்கும் இரகம்தானா என்பதை அது காட்டிவிடும். குளூட்டெனின் சாற்றை 10 சதவீத ஜெல்லில் ஓட விட்டால், மேற்பகுதியில் அதிக எடைத் துணையலகுகள் மூன்று முதல் ஐந்து பட்டைகளாகத் தனித்து நிற்கும். குளூ-டி1 இணையைக் கண்டுபிடிக்க அடையாளம் உண்டு: 2+12 இணையில் இரு பட்டைகளும் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும், 5+10 இணையில் இடைவெளி குறைவு, ஏனெனில் 5ஆம் பட்டை 2ஐவிடச் சற்றுக் கீழேயும் 10ஆம் பட்டை 12ஐவிட மேலேயும் நிற்கும். ஆனால் மரபணு வரிசைப்படி 12தான் 10ஐவிடச் சற்றுப் பெரியது. ஜெல்லில் அது வேகமாக ஓடுவது புரதத்தின் வடிவம் சார்ந்த விந்தை. ஆகவே ஜெல்லில் நின்ற இடத்தை மட்டும் வைத்து மூலக்கூறு எடையை எழுதிவிடாதீர்கள். பெயர் தெரிந்த இரகங்களின் சாற்றை ஒவ்வொரு ஜெல்லிலும் இரண்டு மூன்று குழிகளில் ஓட விடுவது கட்டாயம்.

டிரிப்சின் போதாது

புரோட்டியோமிக்ஸ் உலகம் முழுவதும் டிரிப்சின் என்ற நொதியைச் சுற்றியே கட்டப்பட்டது. அது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்துப் புரதத்தை வெட்டும். உப்பில் கரையும் புரதங்களுக்கும் இலைப் புரதங்களுக்கும் அது போதுமானது: சிஸ்டீன்களை அவிழ்த்து, அயோடோஅசிட்டமைடால் மூடி, யூரியாவை 1 மோலாருக்குக் கீழே நீர்க்கச் செய்து, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின் வீதம் 37 டிகிரியில் இரவு முழுவதும் வைக்கும் வழக்கமான முறையே நன்றாக வேலை செய்யும்.

குளூட்டனில் நிலைமை வேறு. அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு குளூட்டமின், ஏழில் ஒரு பங்கு அளவுக்குப் புரோலின். லைசினும் ஆர்ஜினினும் அரிது. ஆல்பா கிளையாடினில் உள்ள, குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகளுக்கு ஒவ்வாத 33 அமினோ அமிலத் துண்டு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதில் ஒரு லைசினும் இல்லை, ஒரு ஆர்ஜினினும் இல்லை. டிரிப்சினுக்கு அங்கே கைவைக்க இடமே கிடையாது. கைமோடிரிப்சின் வெட்டக்கூடிய டைரோசினும் ஃபீனைல்அலனினும் அதில் உண்டு. ஆனால் அவற்றை அடுத்து உடனே புரோலின் நிற்பதால் அந்த வெட்டும் தடுக்கப்படுகிறது. இந்தத் துண்டு முழுதாகவே தப்பி நிற்கும் என்பதை எதிர்பார்த்தே தேட வேண்டும். குளூட்டனின் மற்றப் பகுதிகளில் கைமோடிரிப்சினும் தெர்மோலைசினும் நன்கு உதவும். பட் 86இன் மாவுப் புரதங்களை விரிவாக அடையாளம் கண்ட 2011ஆம் ஆண்டு ஆய்வு, டிரிப்சினோடு இந்த இரண்டையும் சேர்த்து மூன்று நொதிகளைத் தனித்தனியே பயன்படுத்தியது. செலவு மும்மடங்காகும் என்றாலும் குளூட்டனைப் பற்றிப் பேசப்போகிறவர் குறைந்தது இரண்டு நொதிகளையாவது பயன்படுத்த வேண்டும்.

கருவியில் ஓட விடும்போது மாதிரிகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானியுங்கள். எல்லா மாதிரிகளிலிருந்தும் சிறிதளவு எடுத்துக் கலந்த ஒரு பொதுக் கலவையைப் பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை இடையில் செலுத்துங்கள். மூன்று நாட்களில் கருவியின் உணர்திறன் சரிந்திருந்தால் அந்தக் கலவை காட்டிக்கொடுத்துவிடும். குளூட்டன் மாதிரிகளையும் இலை மாதிரிகளையும் ஒரே தொடரில் மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டாம். குளூட்டன் பெப்டைடுகள் அடுத்த ஓட்டத்திலும் எட்டிப்பார்க்கும்.

தரவுத்தளத்தில் இல்லாதது கண்ணில் படாது

கருவி தருவது நிறைகளின் பட்டியல்தான். அதைப் புரதங்களாக மாற்றுவது நீங்கள் கொடுக்கும் வரிசைத் தரவுத்தளம். அதில் இல்லாத புரதம் மாதிரியில் எவ்வளவு இருந்தாலும் முடிவில் வராது. கோதுமையில் இது கோட்பாட்டளவிலான கவலை அல்ல.

2018இல் வெளியான பன்னாட்டுக் குழுவின் கோதுமை மரபுத்தொகுதி, 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற ஒரே இரகத்தினுடையது. அதில் 1,07,891 உயர் நம்பகத்தன்மை கொண்ட மரபணுக்கள் குறிக்கப்பட்டுள்ளன. அந்த இரகத்தின் குளூ-டி1 இணை 2+12. உங்கள் இரகத்தில் 5+10 இருந்தால், அந்தத் தரவுத்தளத்தை மட்டும் வைத்துத் தேடும் மென்பொருள், இரண்டுக்கும் பொதுவான பெப்டைடுகளைக் கண்டு '2' என்றும் '12' என்றும் பெயரிட்டுவிடும். வேறுபடுத்திக் காட்டும் பெப்டைடுகளை அடையாளம் தெரியாதவை என்று தள்ளிவிடும். வட இந்தியாவில் நெடுங்காலம் கோலோச்சிய பி.பி.டபிள்யூ. 343 இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. துரு நோய் எதிர்ப்புக்காகக் கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரை பயிரின் 1ஆர் குரோமோசோம் கரம் ஒன்றை அது சுமக்கிறது. கோதுமையின் 1பி குறுங்கரம் இருந்த இடத்தில் அது அமர்ந்திருப்பதால், அங்கிருந்த கிளையாடின்களும் குறைந்த எடைக் குளூட்டெனின்களும் இல்லாமல் போய், ரையின் சேமிப்புப் புரதங்களான செகாலின்கள் மாவில் இருக்கின்றன. மாவு ஒட்டும் தன்மைக்கு அவையும் ஒரு காரணம். சைனீஸ் ஸ்பிரிங் தரவில் செகாலின் கிடையாது.

ஆகவே தேடல் தரவுத்தளத்தை நீங்களே தொகுக்க வேண்டும்: சைனீஸ் ஸ்பிரிங் புரதங்கள், 2020இல் வெளியான மற்ற இரகங்களின் மரபுத்தொகுதிகளிலிருந்து குளூட்டன் வரிசைகள், பொதுப் புரதத் தரவுத்தளமான யூனிபுராட்டில் சரிபார்க்கப்பட்ட துணையலகு வரிசைகள், தேவையானால் ரையின் செகாலின்கள், இறுதியாகக் கெரட்டின், டிரிப்சின் முதலிய மாசுப் புரதங்கள். ஒரே வரிசை பல பெயர்களில் திரும்ப வருவதை நீக்கிவிடுங்கள். அதே நேரம் தரவுத்தளத்தை அளவின்றி வீங்க விடாதீர்கள். பெரிதாகப் பெரிதாக, 1 சதவீதத் தவறு வரம்புக்குள் உறுதியாகும் பெப்டைடுகளின் எண்ணிக்கை குறையும்.

தேடல் அமைப்புகளில் இரண்டு விஷயங்கள் குளூட்டனுக்கே உரியவை. குளூட்டமினில் தொடங்கும் பெப்டைடுகள் எளிதில் நீரிழந்த வளைய வடிவத்துக்கு மாறி 17 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) குறையும் என்பதால், பைரோகுளூட்டமேட் மாற்றத்தைக் கட்டாயம் அனுமதியுங்கள். இல்லாவிட்டால் கணிசமான பெப்டைடுகள் கைநழுவும். மற்றொன்று, குளூட்டமின் குளூட்டமிக் அமிலமாக மாறும் டீஅமிடேஷன். அது சேர்க்கும் 0.984 டால்டன், கனமான கார்பன் ஐசோடோப்பு சேர்க்கும் 1.003 டால்டனுக்கு மிக அருகில் இருப்பதால், எங்கும் குளூட்டமின் நிறைந்த இந்தப் புரதங்களில் பொய்யான டீஅமிடேஷன் முடிவுகள் குவியும். உயர் துல்லியக் கருவியும் இறுக்கமான நிறை வரம்பும் இல்லாமல் அதைப் பற்றி எதுவும் எழுதாதிருப்பதே நல்லது.

எண்களை வாசித்தல்

ரொட்டிக் கோதுமை ஏ, பி, டி என்ற மூன்று மரபுத்தொகுதிகளைச் சுமக்கும் ஆறுமய உயிரி. பெரும்பாலான நொதிகளுக்கு மூன்று நெருங்கிய படிகள் உண்டு. கிடைக்கும் பெப்டைடுகளில் பல மூன்றுக்கும் பொதுவானவை. 'டி தொகுதியின் ஆஸ்கார்பேட் பெராக்சிடேஸ் வெப்பத்தில் கூடியது' என்று எழுதவேண்டுமானால், அந்தப் படிக்கு மட்டும் உரிய பெப்டைடு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். இல்லையெனில் குழுவாகவே எழுதுங்கள். எந்தக் குரோமோசோமின் புரதம் என்ற ஐயத்தை நேரடியாகத் தீர்க்க, அமெரிக்க மரபியலாளர் எர்னஸ்ட் சியர்ஸ் உருவாக்கிய, ஒரு குரோமோசோம் இணை இல்லாமல் அதற்கு ஈடாக நெருங்கிய மற்றோர் இணை இரட்டிப்பாக உள்ள நல்லிசோமிக் டெட்ராசோமிக் செடி வகைகள் இன்றும் உதவுகின்றன: குறிப்பிட்ட குரோமோசோம் இல்லாத செடியில் அந்தப் பெப்டைடும் இல்லாமல் போனால் ஐயம் தீர்ந்தது.

புள்ளியியலில் பல சோதனைகளுக்கான திருத்தம், விடுபட்ட மதிப்புகளை எப்படி நிரப்பினீர்கள் என்ற விளக்கம் ஆகியவற்றைப் பற்றி எல்லாப் பாடநூல்களும் சொல்லும். கோதுமை அழுத்த ஆய்வில் பெரும்பாலும் விட்டுப்போவது இன்னொன்று. தாங்கும் இரகத்தில் வெப்பத்தால் மாறியவை ஒரு பட்டியல், தாங்காத இரகத்தில் மாறியவை மறு பட்டியல், இரண்டுக்கும் பொதுவில்லாதவை 'தாங்கும் திறனுக்கான புரதங்கள்' என்று எழுதுவது பிழை. ஒரு பட்டியலில் வரம்பைச் சற்றே தாண்டியதும் மறு பட்டியலில் சற்றே தாண்டாததும் வேறுபாடு ஆகாது. இரகமும் வெப்பமும் சேர்ந்து இயங்கும் ஊடாட்டத்தை நேரடியாகச் சோதித்து, அதில் தேறியவற்றை மட்டும் பேசுங்கள்.

உயிரியல் பொருளைத் தேடும்போது வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்; எச்.எஸ்.பி. 70, எச்.எஸ்.பி. 101, சிறிய வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எல்லாம் வெப்பம் தாக்கிய எந்தத் தாவரத்திலும் கூடும். அவை உங்கள் வெப்பச் சிகிச்சை வேலை செய்தது என்பதற்கு மட்டுமே சான்று. மணியில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: மாவுச்சத்தை உருவாக்குவதும் வெப்பத்தில் எளிதில் செயலிழப்பதுமான கரையும் ஸ்டார்ச் சிந்தேஸ் நொதி எந்த இரகத்தில் நிலைத்தது? கிளையாடின், குளூட்டெனின் விகிதம் எந்தப் பக்கம் சாய்ந்தது? புரதங்களைச் சரியாக மடிக்க உதவும் டைசல்பைடு ஐசோமரேஸ் என்ன ஆனது? இலையில், ரூபிஸ்கோவை இயங்க வைக்கும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் இதே போன்ற முக்கிய புள்ளி. வறட்சியை ஆராய்பவர் நீரிழப்பிலிருந்து காக்கும் டீஹைட்ரின்களையும், உவர் நிலத்தை ஆராய்பவர் ராஜஸ்தானின் கார்ச்சியா 65ஐ ஒப்பீட்டு இரகமாக வைத்து வேரையும், துரு நோயை ஆராய்பவர் கைட்டினேஸ், குளுக்கனேஸ் போன்ற தற்காப்புப் புரதங்களையும் நோக்க வேண்டும். நோய் ஆய்வில் பூஞ்சையின் புரத வரிசைகளையும் தரவுத்தளத்தில் சேர்க்க மறந்தால் மேலே சொன்ன செகாலின் சிக்கலே மீண்டும் வரும்.

மாவைப் பிசைந்து உறுதிசெய்தல்

பட்டியலில் முன்னணியில் நிற்கும் பத்துப் பதினைந்து புரதங்களுக்கு, கன ஐசோடோப்பு சேர்த்துச் செய்த பெப்டைடுகளை வாங்கி, இலக்கு வைத்த முறையில் வேறொரு பருவத்து மாதிரிகளில் மீண்டும் அளந்து பாருங்கள். நொதியானால் அதன் செயல்பாட்டையும் அளங்கள். புரதம் இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றல்ல, அதுவும் வெப்பத்தில்.

தரம் பற்றிய கூற்றுக்கு மாவுதான் கடைசிச் சாட்சி. பெப்டைடாக வெட்டிய பிறகு அளக்கும் எந்த முறையும், குளூட்டெனின் சங்கிலிகள் எவ்வளவு நீளமாகப் பிணைந்திருந்தன என்பதைச் சொல்லாது; அந்தப் பிணைப்பை அவிழ்த்துத்தானே வெட்டினோம். வெப்பம் பல வேளைகளில் துணையலகுகளின் அளவை விட்டுவிட்டு இந்தப் பிணைப்பையே குலைக்கும். எனவே அதே மாவை எஸ்.டி.எஸ். கரைசலில் முதலில் கலக்கியும், எஞ்சியதை அல்ட்ராசவுண்டால் உடைத்தும் எடுத்து, அளவு வாரியாகப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் ஓட விட்டு, எளிதில் கரையாத பெருஞ்சங்கிலிப் புரதத்தின் பங்கைக் கணக்கிடுங்கள். அதோடு எஸ்.டி.எஸ். வண்டல் சோதனை, பிசையும்போது மாவின் வலிமையைப் பதியும் மிக்ஸோகிராஃப் அல்லது ஃபாரினோகிராஃப், சப்பாத்தி சுட்டுச் சுவைக்குழு தரும் மதிப்பெண் ஆகியவற்றையும் அதே மாதிரிகளில் செய்யுங்கள். வேறு ஆண்டு விளைந்த மாவின் சப்பாத்தி மதிப்பெண்ணை இந்த ஆண்டின் புரத அளவோடு பொருத்துவது எதையும் நிறுவாது. ஆகவே அறுவடையின்போதே ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் அரை கிலோவாவது தனியே எடுத்து வைக்க வேண்டும். சிறு தொட்டிகளில் செய்யும் ஆய்வில் அந்த அளவு கிடைக்காது என்பதால், சிறிதளவு மாவிலேயே முடியும் நுண்ணளவுச் சோதனைகளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கட்டுரையை அனுப்பும் முன் கருவியின் மூலக் கோப்புகளையும், நீங்கள் தொகுத்த தரவுத்தளக் கோப்பையும், பூத்த நாள், வெப்பப் பதிவு, உர அளவு, மணியின் நீர்ச் சதவீதம் அடங்கிய அட்டவணையையும் புரோட்டியோமிக்ஸ் தரவுக்கான பிரைட் போன்ற பொதுக் களஞ்சியத்தில் சேருங்கள். மூலக் கோப்புகளை எல்லோரும் இப்போது சேர்த்துவிடுகிறார்கள். வயல் அட்டவணைதான் பெரும்பாலும் விடுபடுகிறது. அது இல்லாமல் அந்தக் கோப்புகளை வேறொருவர் எடுத்து வெப்பத்தைப் பற்றி மறுபடி ஆராய வழியில்லை.